குஞ்சுகள் கத்தாத மத்தியானம்

போன வாரம் என் பத்தி வர வேண்டிய இடத்தில் கீரை வடை செய்முறை வந்திருந்ததாமே? 'எங்கே ஆளையே காணோம்?' என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். 'வடை நன்றாக வந்தது' என்று ஒருவர் மட்டும் சொல்லியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வடை முக்கியம்தான்.

நான் எங்கேயும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தேன்... வீட்டில் இருந்ததுதான் ஆபத்தாகிவிட்டது.

ஊட்டிப் பக்கம் சோலூருக்கு மேலே, தேயிலைக்கும் கேரட்டுக்கும் நடுவில் எங்கள் வீடு. மகள் தாரணிக்கு வயது பத்து. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிறாள். கொரோனா காலத்தில் தொடங்கியது, எங்களுக்குப் பிடித்துப்போய் அப்படியே தொடர்கிறது. இதை இந்தப் பக்கத்தில் எழுதி உங்களில் பாதிப் பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஞாபகமிருக்கும். அவள் தம்பி கவினுக்கு நாலு வயது. அவன் இன்னும் எதுவும் படிக்கவில்லை, சாப்பிடுவதோடு சரி.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வீட்டில் இப்போது நாட்டுக்கோழிக் குஞ்சுகள். மேட்டுப்பாளையத்திலிருந்து அட்டை டப்பாவில் வந்து இறங்கியவை. தாய்க்கோழி கிடையாது. அதன் வேலையை ஒரு குண்டு பல்பு பார்த்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பாதியாக வெட்டி, அடியில் மரத்தூள் பரப்பி, மேலே பல்பைத் தொங்கவிட்டாயிற்று. 'இந்த மாசம் எனக்கு இதுதான் சயின்ஸ்' என்று தாரணி அறிவித்துவிட்டாள்.

அறிவித்ததோடு விட்டாளா? எனக்கும் பாடம். குளிரெடுத்தால் குஞ்சுகள் பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்துமாம். சூடு கூடிப்போனால் ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்து மூச்சு வாங்குமாம். சூடு சரியாக இருந்தால் பெட்டி முழுக்கப் பரவி மேயுமாம். 'சரி சாமி, கணக்குப் புத்தகத்தை எடு' என்று பாதியிலேயே கத்தரித்துவிடுவேன்.

அப்புறம் ஆடி மழை வந்தது. மழை என்றால் பரவாயில்லை, கூடவே காற்று. ரோட்டோரக் கற்பூர மரம் ஒன்று கம்பியின் மேல் சாய்ந்தது. கரண்ட் போயிற்று. 'நாளைக்கு வந்துடும்' என்றார்கள் மின்வாரியத்தில். அந்த நாளை எந்த நாளை என்று கேட்கக் கூப்பிட்டால் அவர்களுடைய போனில்தான் சார்ஜ் இல்லை.

அதே சமயம் வீட்டில் காய்ச்சல். முதலில் தாரணிக்கு. சுருண்டு படுத்தவள் சீக்கிரமே எழுந்துவிட்டாள். அடுத்து கவின். அதற்கடுத்து வீட்டுக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் ஜலதோஷம் வந்தாலே உயில் எழுதுகிற முகம் வைத்துக்கொள்வார். இந்தத் தடவை நிஜமாகவே அனல் அடித்தது.

பல்பு இல்லாமல் குஞ்சுகளை எப்படிக் காப்பாற்றுவது? பாட்டில்களில் வெந்நீர் நிரப்பிப் பெட்டிக்குள் வைத்தோம். மலைக்குளிரில் அது எவ்வளவு நேரம் தாங்கும்? கடைசியில் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கரிச்சட்டியை எடுத்தேன்.

கீழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பழைய இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைப் போட்டு மூட்டிக் குளிர்காய்வது இங்கே வழக்கம். அதற்கு ஒரு முறை உண்டு. சட்டியை வாசலில் வைத்து விசிற வேண்டும். புகை முழுக்க அடங்கி, கரி செக்கச்செவேல் என்று கனிந்த பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். குளிர்காலம் வந்தால் பேப்பரில் பார்க்கிறோமே — அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்கிய சுற்றுலாக்காரர்கள் எழுந்திருக்கவே இல்லை என்று. படித்துவிட்டு, 'பாவம், வெளியூர்க்காரங்க, புகையோட உள்ளே வெச்சிருப்பாங்க' என்று பக்கத்தைத் திருப்புவேன். எனக்குத்தான் முறை தெரியுமே!

அன்றைக்கு எல்லாரையும் ஒரே அறைக்குள் சேர்த்தேன். கட்டிலில் அவர். பக்கத்துப் பாயில் கவின். மூலையில் குஞ்சுப் பெட்டி. நடுவில், புகை சுத்தமாக அடங்கிய கரிச்சட்டி. ஜன்னல் சந்துகளில் பழைய புடவைத் துணியைத் திணித்தேன். கதவுக்கு அடியில் சாக்கு. ஒரு இழை காற்றுகூட உள்ளே வரவில்லை. என்ன ஒரு கதகதப்பு! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று காலையில்தான் கோயம்புத்தூரிலிருந்து நங்கையா போன் பண்ணியிருந்தார். எங்கள் பக்கத்தில் நாத்தனாருக்கு அந்தப் பேர். தன் தம்பிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் புள்ளையாவது படிக்குதா? இல்ல, கோழிதான் மேய்க்குதா?"

"ஊட்ல ரெண்டு பேரு படுத்திருக்காங்க, நங்கையா..."

"அவங்களுக்குத்தான காச்சல்? அவளுக்கென்ன கேடு? இங்க புள்ளைகெல்லாம் இந்நேரம் டெஸ்ட் எழுதிட்டிருக்குதுக."

எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்த கையோடு தாரணியைக் கூப்பிட்டு உட்கார வைத்து வகுத்தல் கணக்குக் கொடுத்தேன். யாருக்காக? நங்கையாவுக்காகத்தான். காய்ச்சல் வீட்டில், கரண்ட் இல்லாத இருட்டில், ஜன்னல் அடைத்த அறையில்... உலகத்துக்கு நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் எனக்குத் தலை கனத்தது. காய்ச்சல் என்னிடமும் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் வாந்தி எடுத்திருந்தார். அதையும் காய்ச்சல் கணக்கில் எழுதினேன். கவின் மட்டும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். முந்தின நாளெல்லாம் சிணுங்கிக்கொண்டே கிடந்தவன்... உடம்பில் சூடு குறைந்து, கன்னமெல்லாம் சிவப்பாக, அப்படி ஒரு தூக்கம். 'தம்பிக்குக் காச்சல் விட்டுருச்சு' என்று தாரணியிடம் சொன்னேன். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"அம்மா, குஞ்சு கத்தவே மாட்டேங்குது" என்றாள் தாரணி.

"கத்தலைன்னா சூடு சரியா இருக்குன்னு அர்த்தம். நீதான சொன்ன?"

"சரியா இருந்தா மேயோணும்மா. இது படுத்துக் கெடக்குது. பெட்டியத் தட்டினாக் கூட எந்திரிக்கல."

"தூங்குது. நீ கணக்கப் போடு."

கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் துணியை உருவுகிற சத்தம். சில்லென்று சாரல் உள்ளே வந்தது. "சன்னலச் சாத்துங்க... மண்டை வெடிக்குது" என்று கட்டிலிலிருந்து முனகல். நான் ஜன்னலைப் படாரென்று சாத்தினேன். தாரணியை என்ன திட்டினேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

அவள் ஒரு குஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வந்தாள். இன்னொன்றை எடுத்துப் போனாள். வந்தாள். மூன்றாவதையும் எடுத்துப் போனாள். வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, வெளிய கொண்டு போனாத் தல தூக்குது. உள்ள வந்தா மறுபடி தொங்கிருது. மூணு குஞ்சுலயும் பாத்துட்டேன்."

"கணக்குக்கு டிமிக்கி குடுக்க என்னென்ன கதை!"

அவள் என்னைப் பார்த்தாள். புத்தகத்தை மூடினாள். பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, கதவைக் காலால் தள்ளி, வாசலுக்கே போய்விட்டாள். அந்தக் காற்றில்! அந்த மழையில்! பஞ்சு மாதிரி இருக்கிற குஞ்சுகளை!

கத்திக்கொண்டே எழுந்தேன். எழுந்தேனா? கால் என் சொல் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். வாசலுக்குப் போனதும் ஒரு அறை விடுவது என்று முடிவோடுதான் போனேன். கை ஓங்கியே இருந்தது.

வெளிக்காற்று முகத்தில் அடித்தது. இரண்டு மூச்சு இழுத்தேன். கீழே பார்த்தால் தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் பெட்டி மேல் போர்த்தி, சாரலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஸ்வெட்டருக்கு அடியிலிருந்து மெல்ல ஒரு 'கீச்'. அப்புறம் இன்னொன்று.

ஓங்கின கையை அவள் கவனிக்கவே இல்லை. "அம்மா, தம்பிக்குக் காச்சல் விட்டுருச்சுன்னீங்கள்ல? அப்புறம் ஏன் நான் கூப்ட்டா அவன் முழிக்கல?"

அந்தக் கேள்விக்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். கவினைத் தூக்கினேன். தூக்கினால் கழுத்தைக் கட்டிக்கொள்கிறவன் அவன். தலை என் தோளிலிருந்து வழுக்கிப் பின்னால் சாய்ந்தது. வாசலில் அவனைக் கிடத்திவிட்டு மறுபடி உள்ளே போனேன். அவரைக் கட்டிலிலிருந்து இழுத்தேன். "விடு புள்ள... தூங்கறேன்" என்றார். விடவில்லை. பாதி தூரம் இழுத்தேன், பாதி தூரம் அவரே தவழ்ந்தார். 'நீ உள்ளே வராதே' என்று தாரணியைப் பார்த்துக் கத்தினேன். 'பெள்ளி அண்ணனைக் கூப்பிடு!'

பெள்ளி அண்ணன் அடுத்த வளைவில் இருக்கிறார். ஊட்டி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற பிக்கப் வண்டி அவருடையது. தாரணி மழையில் ஓடிப்போய் அழைத்துவந்தாள்.

"ஏனுங்க்கா, என்னாச்சு?" என்று ஓடி வந்தவர், கதவு வழியாகக் கரிச்சட்டியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"புகை போன பொறகுதான் உள்ள வெச்சேன், அண்ணா" என்றேன். அந்த நேரத்திலும் என் முறை சரி என்று சாதிக்கிறேன் பாருங்கள்.

"எங்கூட்லயும் அப்படித்தான் வெக்கறோம்" என்றார் அவர். கவினைத் தூக்கி என் மடியில் போட்டு வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்காரரும் தாரணியும் பின்னால், தார்ப்பாய்க்குள். குஞ்சுகளை, பின்னாலேயே ஓடி வந்த அண்ணனின் மனைவி வாங்கிக்கொண்டார்.

ஊட்டிக்குப் போகிற வழியெல்லாம் பனிமூட்டம். ஹெட்லைட் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. நான் வண்டியின் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, பிள்ளையின் முகத்தை வெளிக்காற்றுக்குக் காட்டிக்கொண்டே போனேன். மழை எங்கள் இரண்டு பேரையும் நனைத்தது. கவினு, கவினு, கவினு... வேறு வார்த்தையே வரவில்லை. கடவுளைக் கூப்பிடக்கூட மறந்துபோனேன். எனக்குப் பயம் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு திருப்பத்தில் அவன் முகம் சுளித்தான். உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"குளுருதும்மா."

பெள்ளி அண்ணன் வண்டியை ஓட்டிக்கொண்டே அழுதார். நான் அழுததைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். தாரணி அடிக்கடி வெளியே போய் வந்ததால் தப்பித்தாள். இளவயது டாக்டரம்மா ஒருவர், என்னைத் திட்டாமல் சொன்னார்: "புகை கண்ணுக்குத் தெரியுதும்மா, அதனால ஜாக்கிரதையா இருக்கீங்க. கனிஞ்ச கரியில வர்ற விஷக்காத்துக்கு நிறமும் இல்ல, வாசமும் இல்ல. தலைவலி, வாந்தி, அசதி... எல்லாம் காய்ச்சல் மாதிரியே இருக்கும். சின்ன உயிருங்கள முதல்ல சாய்க்கும்."

சின்ன உயிர்கள். வகுத்தல் கணக்குக்கு நடுவில் என் மகள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பியபோது இரண்டு குஞ்சுகள் செத்துப்போயிருந்தன. தாரணி அவற்றைக் கேரட் பாத்தி ஓரத்தில் புதைத்துக்கொண்டிருந்தாள். என்னோடு பேசவில்லை. நான் திட்டியதற்காகக் கோபம் என்று நினைத்தேன். சமாதானப்படுத்தப் போனேன்.

"திட்னது பரவால்ல. மூணு குஞ்சுலயும் பாத்துட்டேன்னு சொன்னேன்ல? நீங்க ஏன் நம்பல?"

என்ன சொல்வது? காய்ச்சல் என்பதா? தலைவலி என்பதா? நங்கையா என்பதா? "ஆமா சாமி. நீ சொன்ன. நான் கேக்கல" என்றேன். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. வெட்கமாக இருந்தது. அவள் மண்வெட்டியை என் கையில் கொடுத்தாள். மிச்சக் குழியை நான் மூடினேன்.

நேற்று நங்கையா மறுபடி கூப்பிட்டார். விஷயம் கேள்விப்பட்டு அழுதார், திட்டினார், மறுபடி அழுதார். கடைசியில் பழக்கதோஷத்தில் "புள்ளை படிக்குதா?" என்று கேட்டும்விட்டார். "படிக்குதுங்க" என்றேன். முதல் தடவையாக, கூடவே எந்த விளக்கமும் சொல்லவில்லை.

மலையில் இருக்கிற வாசகர்களே, உங்களுக்கும் முறை தெரியும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்: புகை அடங்கினாலும் சட்டியை உள்ளே கொண்டுவராதீர்கள். எங்கள் சட்டி வாசலில் மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. அது அங்கேயே கிடக்கட்டும்.

கரண்ட் வந்துவிட்டது. பல்பு எரிகிறது. மீதிக் குஞ்சுகள் பெட்டி முழுக்கப் பரவி மேய்ந்துகொண்டு, காது கிழியக் கத்துகின்றன. ஜன்னல் சந்துகளில் துணி இல்லை. ஊதற்காற்று வீட்டுக்குள் இஷ்டத்துக்கு வந்து போகிறது. விரல் விறைக்க விறைக்க எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து கவின் ஓயாமல் புகார் சொல்கிறான் — "அம்மா, குளுருது... அம்மா, குளுருது..."

சொல்லட்டும். நாளெல்லாம் சொல்லட்டும்.