போனவர்களின் சட்டை, இருப்பவர்களின் அளவு

ஆல்ட்டர் தையல் என்பது, ஒருவர் உடம்புக்குத் தைத்த துணியைச் சமாதானம் சொல்லி இன்னொருவர் உடம்பில் ஏற்றுகிற வேலை. ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பத்து வருடமாக அதைத்தான் செய்கிறேன். பண்டிகைக்கு முன்னால் வருகிற கூட்டம் ஒரு வகை. பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு, பையைத் திறக்கவே தயங்கி நிற்பவர்கள் இன்னொரு வகை. என் கணவர் ஜோசப் போய் இரண்டு வருடமாகிறது. அவருடைய ஜெர்கின் என் மெஷினுக்கு எதிரே கொக்கியில் தொங்குகிறது. சின்னதாக்கிப் போட்டுக்கொள்ள ஆசைதான், கத்திரி வைக்கத்தான் கை வரவில்லை. உங்கள் பீரோவிலும் அப்படி ஒன்று இருந்தால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

பாக்கெட்டில் பெயர்

பனி விலகாத ஒரு காலையில் ஒரு பெண் இரண்டு கம்பெனிச் சட்டைகளோடு வந்தாள். இறந்துபோன கணவன் வேலை பார்த்த அதே கம்பெனியில் அவளுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். புது யூனிஃபார்ம் வரும்வரை அவன் சட்டையைப் பிடித்துத் தரச் சொன்னாள். பாக்கெட்டின் மேல் சிவப்பு நூலில் முருகேசன் என்று இருந்தது. பிரித்துவிடலாம் என்று ஊசியை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பிரிக்காதீங்கக்கா. லைன்ல கூட வேலை பார்க்கறவங்க யாராச்சும் அந்தப் பேரைப் படிப்பாங்க, எனக்கு அது போதும்.”

நாலு விரக்கடை

பாரூர்க்காரர் ஒருவர் தவறிப்போன மகனுடைய பேன்ட்டைத் தமக்கு அளவாக்கக் கொடுத்துவிட்டுப் போனார். பையன் நல்ல உயரம், அப்பா குள்ளம். வெளியே தூறல், உள்ளே மெஷின் சத்தம், எனக்குப் பாதித் தூக்கம். அந்த மயக்கத்திலேயே கீழே நாலு விரக்கடை வெட்டி, வெட்டிய துண்டுகளைக் கழிவுத்துணி மூட்டையில் போட்டுவிட்டேன்.

மாலையில் வந்தவர் பேன்ட்டைப் பார்க்கவில்லை, வெட்டிய துண்டுகளைத்தான் கேட்டார். வளரும் பிள்ளைகளுக்கு வெட்டாமல் உள்ளே மடித்துத் தைப்போமே, அப்படித்தான் செய்வேன் என்று நம்பியிருந்தாராம். இருவரும் தரையில் உட்கார்ந்து மூட்டையைக் கொட்டித் தேடினோம். நல்லவேளை, இரண்டும் கிடைத்தன. ஒட்டுப்போட்டு, உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தேன். மடிப்பை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

“என்னைவிட இவ்ளோ ஒசரம்மா எம்பையன். அதைப் போயி எப்படிம்மா வெட்டறது?”

சாக்பீஸ் கோடு

இந்த டிசம்பர் குளிர் என்னைத் துணிய வைத்தது. ஜெர்கினை இறக்கி, மேஜையில் விரித்து, சாக்பீஸால் கோடும் போட்டுவிட்டேன். ஜூஜுவாடியிலிருந்து வந்து எனக்குத் துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்துத் தருகிற மஞ்சுளா, கன்னடத்துப் பெண், பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்திரியைத் திறந்தேன், மூடினேன். கண் நிறைந்து கோடே தெரியவில்லை. “வெட்டினா அவர் போயிடுவாருடி” என்றேன், சின்னப் பிள்ளை மாதிரி.

அவள் கத்திரியை வாங்கி டிராயரில் வைத்தாள். ஜெர்கினை எனக்கு மாட்டிவிட்டு, ஜிப்பை இழுத்து, விரலைத் தாண்டித் தொங்கிய கையை இரண்டு மடிப்பு மடித்தும் விட்டாள். மெதுவாக உடம்பில் சூடு ஏறியது. அழுதுகொண்டே சிரித்தேன், இரண்டு வருடத்தில் முதல் தடவையாக.

“வெட்டணும்னு யாரு சொன்னதுக்கா? பெரிசா இருந்தா என்ன, குளிருக்குத்தானே?”

ஊருக்கெல்லாம் அளவு பார்த்துப் பிடித்துக் கொடுக்கிற தையல்காரி நான், இப்போது இன்னோர் ஆள் தாராளமாக நுழையும் ஜெர்கினுக்குள் உட்கார்ந்து மெஷின் மிதிக்கிறேன்.