அடுத்த வீட்டுக் கிணற்றில் பத்து வாளி

கப்பியின் சத்தம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. எண்ணெயையே காணாத இரும்புக் கப்பி, கயிறு இழுக்க இழுக்கக் கிறீச் கிறீச்சென்று விடியற்காலையில் ஊரைக் கூட்டும். அது எங்கள் வீட்டுக் கிணற்றின் கப்பி அல்ல; மதிலுக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த சித்தி வீட்டுக் கிணற்றின் கப்பி. அம்மா எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல், மதிலில் விட்டிருந்த இடைவெளி வழியாக அங்கே போவாள். பத்து வாளி தண்ணீர் இறைத்துத் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைப்பாள். இடவப்பாதி மழை கொட்டும்போதும் தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போவாள். இந்த மழையில் தென்னைக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டால், “தென்னைக்கா கோருதேன்? கிணத்துக்குல்லா கோருதேன்” என்பாள். எங்கள் பேச்சில் தண்ணீர் என்றால் வெள்ளம், இறைப்பது என்றால் கோருவது. இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பது மற்றவர்களுக்குப் பழமொழி. அம்மாவுக்கு அது காலை வேலை.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. திருவனந்தபுரத்தில் நேமம் பக்கம் தாத்தா விட்டுப்போன நிலத்தை இரண்டு பேரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சித்தி நர்ஸ் வேலைக்கு முதலில் சவுதிக்குப் போனாள், பிறகு இங்கிலாந்துக்கு. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது தன் பாதியில் வீடு கட்டினாள், கிணறும் வெட்டினாள். சித்தப்பா அங்கேயே இறந்தார், அங்கேயே அடக்கம். மகன் அங்கேயே படித்து அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். சித்தி மட்டும் ஒவ்வொரு லீவிலும் ஒரே பேச்சைப் பேசுவாள்: “அக்கா, இன்னும் ரெண்டே ரெண்டு வருஷம். பொறவு எல்லாத்தையும் மடக்கிக் கெட்டீட்டு வந்து ஒன் கூடத்தான் கெடப்பேன்.” அந்த இரண்டு வருஷம் இருபது வருஷத்துக்கு மேல் நீண்டது. அம்மாவின் வாழ்க்கையில் அவள் எதிர்பார்த்துக் காத்திருந்தது இந்த ஒன்றைத்தான். எனக்கு நல்ல மாப்பிள்ளை வேண்டும் என்றுகூட அவள் அவ்வளவு ஜெபித்திருக்க மாட்டாள்.

எனக்கோ அந்த நாட்களில் பொல்லாத கோபம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலயத்து மாமரத்தடியில் நிற்கும்போதெல்லாம் இதே விவாதம்தான். எங்கள் சபையில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. வயசான காலத்தில் சொந்த மண்ணுக்கு வராமல் அந்தக் குளிரில் கிடந்து என்ன செய்யப் போகிறார்கள் என்பார் ஒருவர். “இங்க வந்து என்னத்துக்கு, கொசுக்கடி வாங்கவா? வந்தவனெல்லாம் ஆறாம் மாசம் திரும்பி ஓடுதான்” என்பார் இன்னொருவர். நான் முதல் கட்சி. கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா வீட்டிலேயே தங்கி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன், வாயும் கொஞ்சம் நீளம். போனவர்கள் திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் வருவேன் வருவேன் என்று சொல்லி மற்றவர்களைக் கிணறு இறைக்க வைக்கக் கூடாது என்பேன். ஊரைவிட்டு ஒரு நாளும் போகாதவளுக்கு அதைச் சொல்வதில் என்ன கஷ்டம்!

சித்தி லீவு முடிந்து கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அம்மா விழிஞ்ஞம் பஸ் ஏறுவாள். கடற்கரையில் நின்று பேரம் பேசி நெய்மீன் வாங்கிவந்து, துண்டு போட்டுப் பொரித்து, நல்லெண்ணெயில் அச்சாறு போடுவாள், மீன் ஊறுகாய்தான். ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் கவர், அதன்மேல் பழைய நைட்டித் துணி, மறுபடியும் டேப். எண்ணெய் ஒரு சொட்டு வெளியே வந்தால் பெட்டியில் இருக்கும் துணியெல்லாம் போயிற்று அல்லவா? அந்த டேப்பை ஒட்டும்போது மட்டும் அம்மா யாரோடும் பேச மாட்டாள். சமையலறையில் மீன் அச்சாறு வாசம் வந்தால் சித்தி போகப்போகிறாள் என்று எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

கடைசியில் ஒரு வருஷம் சித்தி ஓய்வு பெற்று, சொன்னபடியே எல்லாவற்றையும் மடக்கிக் கட்டிக்கொண்டு வந்தே விட்டாள். அம்மா ஆட்களை இறக்கிக் கிணற்றுச் சேற்றையெல்லாம் வாரவைத்து, தண்ணீரைக் கண்ணாடிபோல ஆக்கி வைத்திருந்தாள். ஆனால் சித்தி வந்து தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது, கடையில் வாங்கிய கேன் தண்ணீரைத்தான் கொடுத்தாள். முன்பு ஒரு லீவில் சித்தி வயிற்றுப்போக்கு வந்து ஒரு வாரம் படுத்துவிட்டாள். அம்மா அந்தப் பழியைத் தன் தலையிலும் கிணற்றுத் தலையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். “இத்தன வருஷம் கோரிக் கோரி வச்சுட்டு எனக்குக் கேன் வெள்ளமா அக்கா?” என்று சித்தி சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

பிறகு அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. சித்திக்கென்று பூப்போட்ட பீங்கான் கப்பு, எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். மீன் கழுவ உட்கார்ந்தால், “நீ அங்கோட்டு இரி, கையில நாத்தம் புடிக்கும்” என்று அம்மா கத்தியைப் பிடுங்கிவிடுவாள். வாளியைத் தொட்டால் நான் ஓடிப்போய் வாங்கிவிடுவேன். அன்பில்தான் செய்தோம், சத்தியமாக அன்பில்தான். ஆலயத்தில் அதைவிட மோசம். எங்கள் சபையில் அறிவிப்புகள் வாசித்து முடிந்ததும், புதிதாக வந்திருப்பவர்கள் எழும்பி நிற்க வேண்டும், சபையார் கைதட்டி வரவேற்பார்கள். முதல் ஞாயிறு போதகர் சித்தியைப் பார்த்து, “வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் நம் சகோதரி” என்றார். சித்தி சந்தோஷமாக எழுந்து நின்றாள். பழக்கதோஷம், மனுஷர் அதை விடவே இல்லை. நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அதே வரவேற்பு, அதே கைதட்டல். வெளியே வந்தால் அதே கேள்வி: “லீவு எவ்வளவு நாள்? எப்போ திரும்பிப் போறீங்க?” ஆட்டோவில் வரும்போது சித்தி சொன்னாள்: “முப்பது வருஷம் அங்க உள்ளவங்க எப்போ ஊருக்குப் போவேன்னு கேட்டாங்க. இங்கயும் அதத்தான் கேக்குதாங்க. பின்ன எனக்கு எதுதான் பிள்ளே ஊரு?”

ஆறாம் மாதம் அது நடந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தபோது வாசலிலேயே மீன் அச்சாறு வாசம். உள்ளே அம்மா தரையில் உட்கார்ந்து பாட்டிலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். சித்தி எனக்கு முன்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றிருந்தாள்.

“அக்கா, இது ஆருக்கு?”

“ஒனக்குத்தான், பின்ன ஆருக்கு? போவும்போ கடசி நேரத்துல ஓட முடியுமாட்டி? இன்னைக்கு நல்ல நெய்மீன் கெடச்சுது.”

சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவுக்குத் தான் சொன்னது என்னவென்று உறைத்தது. டேப்பின் நுனி விரலில் ஒட்டியபடி அப்படியே இருந்துவிட்டாள். தங்கை போக வேண்டும் என்று அவள் கனவிலும் நினைத்தவள் அல்ல. ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக அவளுடைய கைகள் தங்கைக்கென்று படித்தது பொதி கட்டுவதை மட்டும்தான். சித்தி கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டாமல் விட்ட இடத்தில் டேப்பை இழுத்து ஒட்டினாள். அடுத்த மாதம் விமானம் ஏறினாள். அந்த பாட்டிலையும் கொண்டுபோனாள்.

“மூளகெட்ட கழுதை நான்” என்று அம்மா இரண்டு நாள் தன்னைத்தானே வைதுகொண்டு கிடந்தாள். அந்த இரண்டு நாளும் கப்பிச் சத்தம் கேட்கவில்லை. அதற்கு முன்பு அப்படி நடந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் கிறீச் என்றது. படுக்கையில் கிடந்தபடியே நான் அழுதேன்.

ஒரு வருஷம் கழித்து, பாசி வழுக்கி எங்கள் கிணற்றடியில் விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. சித்தி ஒரே ஒரு கைப்பெட்டியோடு வந்து இறங்கினாள். நான் பழைய புத்தியில் கேன் தண்ணீர் வாங்கிவைத்து, அவள் வீட்டை மெழுகி, படுக்கை விரித்துக் கொடுத்தேன். மறுநாள் காலை ஆறரை மணி. கட்டிலில் கிடந்த அம்மா மதிலைத் தாண்டிக் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டாள்:

“ஏட்டி! இன்னுமா கெடந்து ஒறங்குதே? இங்க அடுக்களைல ஒரு சொட்டு வெள்ளம் இல்ல. எழும்பி வந்து கோருட்டி!”

அடுக்களையில் இரண்டு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. முந்தின நாள் மாலை நான் நிறைத்து வைத்தது. வாயைத் திறக்கப்போனேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். சித்தி செருப்புகூடப் போடாமல் மதில் இடைவெளி வழியாக ஓடிவந்தாள், தலை கலைந்து, கண்ணில் பீளையோடு. எங்கள் கிணற்றில் வாளியை விட்டாள். பழக்கம் விட்டுப்போன கை அல்லவா, பாதித் தண்ணீர் காலில் சிந்தியது. “பாத்துக் கோருட்டி, மலந்து விழுந்து நீயும் எம் பக்கத்துல கெடக்கப்பிடாது!” என்று உள்ளேயிருந்து வசவு. சித்தி நனைந்த நைட்டியோடு நின்று சிரித்த சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அன்று முதல் மீன் கழுவினாள், வசவு வாங்கினாள், டம்ளரில் கிணற்றுத் தண்ணீர் குடித்தாள். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஞாயிறு போதகர் சித்தியின் பக்கம் திரும்பியபோது அவள் எழுந்திருக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு இருந்துவிட்டாள்.

அம்மா அதன்பிறகு பதினோரு மாதம் இருந்தாள். சித்தி மடியில் தலை வைத்துத்தான் போனாள். சித்தி இங்கேயேதான் இருக்கிறாள். மகன் வருஷத்துக்கொரு முறை வந்து கூப்பிடுகிறான். போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறாள். புறப்பட்டுப் போனவர்கள் திரும்பி வரலாமா என்று யாராவது கேட்டால் நான் இப்போது முன்போல் வாயாடுவதில்லை. வந்தால் உன்னை ஏவி வேலை வாங்க ஆள் உண்டா என்று மட்டும் கேட்கிறேன்.

கேட்பதற்கும் எனக்கு இப்போது முகம் இல்லை. அம்மா போன அடுத்த வருஷம் கணவரின் வேலையோடு நானும் மஸ்கட்டுக்கு வந்துவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள், “சித்தி, கொஞ்சம் மீன் அச்சாறு போட்டுத் தாங்களேன்” என்று கேட்டேன். எனக்காக எதையும் செய்கிற மனுஷி, அதற்கு மட்டும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள்.

“தரமாட்டேன் பிள்ளே. ஒனக்கு நான் அச்சாறு கெட்டித் தரவே மாட்டேன். வேணும்னா வந்து தின்னு.”

இங்கேயும் நான் டீச்சர்தான்; காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் சித்தி போன் செய்வாள். அப்போது அங்கே விடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். இருந்தாலும் எனக்குக் கேட்கட்டும் என்று அந்த நேரம்வரை வேலையைத் தள்ளிவைத்து, போனைக் கிணற்றுச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுத்தான் தொடங்குவாள். மதிலுக்கு இந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிற எங்கள் வீட்டுக் கிணறு. கப்பி கிறீச் கிறீச் என்கிறது. பத்து வாளி முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு போனை எடுப்பாள்.

“வெள்ளம் நல்லாக் கெடக்கு பிள்ளே. எனக்குக் கை நோவுது. வந்து கோரு.”