கோர்ட்டு வாசல் கல்

ஈராக் எல்லைக்குப் போகும் குவைத் சாலையில் அமெரிக்க ராணுவ லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பின்னால் எங்கள் தண்ணீர் லாரி. டிரைவர் முருகேசன் ராமநாதபுரத்துக்காரர். காவலுக்கு நிற்கும் இளம் சிப்பாயிடம் ஊர் எதுவென்று ஆங்கிலத்தில் கேட்கிறேன். அவன் பூட்ஸ் முனையால் மணலில் ஒரு கட்டம் போடுகிறான். கிழக்கே ஆறு, நடுவில் கோர்ட்டு, மீதியெல்லாம் கோதுமை. கவுண்டி என்கிறான், நம் மாவட்டம் போல.

"அங்க கலெக்டர் யாருன்னு கேளுங்கண்ணே," என்கிறார் முருகேசன்.

கலெக்டர் கிடையாதாம். ஜனங்கள் தேர்ந்தெடுத்த மூன்று பேர்தான் நிர்வாகம். அதில் ஒருவர் இவன் அப்பா. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி, அந்த மண்ணிலிருந்து போருக்குப் போய் இறந்தவர்களின் பெயர்களைக் கோர்ட்டு வாசல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். புதுப் பெயர் சேர்க்க மூவரில் இருவராவது கை தூக்கி வாக்களிக்க வேண்டும். கடைசியாகச் சேர்த்தது, ஈராக்கில் இறந்த இவன் அண்ணன் பெயர்.

தமிழில் சொல்கிறேன். முருகேசன் இன்ஜினை அணைக்கிறார்.

"பெத்தவரு அன்னைக்கு லீவு போட்டிருக்கலாம்ணே."

என்ன சொன்னார் என்று சிப்பாய் கேட்கிறான். சொல்கிறேன்.

"முதலில் கை தூக்கியதே அப்பாதான்," என்கிறான்.

முன்னால் ஹாரன் அடிக்கிறது. அவன் ஓடிப்போய் ஏறிக்கொள்கிறான். வரிசை வடக்கே நகர்கிறது.