தோளில் கொண்டுபோன கயிறு

சென்றாயன் மாமாவைப் பற்றி இண்டூரில் யாரைக் கேட்டாலும், பேயைப் பார்த்துப் பயந்தவர் என்பார்கள். அவர் பேயையும் பார்க்கவில்லை, பிசாசையும் பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்க்கக்கூடாததைப் பார்த்தவர்கள் நானும் என் அக்காவும்தான். நாங்கள் பார்த்ததும் வெறும் கயிறு. ஊர்வாய் சும்மா இருக்குமா, கயிற்றுக்குக் கண்ணும் பல்லும் வைத்துவிட்டது. எனக்கு இந்தக் கதைகளைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

மாமா கிணற்றில் முங்குகிறவர். என் அக்கா கோவிந்தம்மாளின் புருஷன். இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்திய காலம் அது. எங்கள் பக்கத்தில் கிணறுதான் எல்லாம். கிணறு என்று இருந்தால் குடம் விழும், காதுத்தோடு கழன்று விழும், சமயத்தில் ஆளும் விழும். மேலாகக் கிடப்பதைப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவி எடுத்துவிடலாம். சேற்றில் புதைந்ததையும் பாறை இடுக்கில் சொருகியதையும் ஆள் இறங்கித்தான் எடுக்கவேண்டும். அதற்கு அரூர் வரைக்கும் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு கனத்த கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு குதிப்பார். கல் அவரை அடிக்குக் கொண்டுபோகும். கயிற்றின் ஒரு முனை அவர் கையில் சுற்றியிருக்கும், மறுமுனை மேலே அக்காவின் கையில். கீழே கிடைத்ததைக் கயிற்றில் கட்டிவிட்டு இரண்டு தடவை வெட்டி இழுப்பார். கட்டியாயிற்று, தூக்கு என்று அர்த்தம். பிறகு கல்லை விட்டுவிட்டு அவர் தனியாக மேலே வருவார். அக்காவைத் தவிர வேறு யாரும் அந்தக் கயிற்றைப் பிடிக்க விடமாட்டார். வண்டி ஓட்டிக்கொண்டு போகிற எனக்கு, அக்காவுக்குப் பின்னால் நின்று கயிற்றின் வாலைப் பிடிக்கிற உத்தியோகம்.

கயிறு என்றால் சாதாரணக் கயிறு இல்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகக் கத்தாழை நாரைத் திரித்து முறுக்கிய கயிறு. அதற்கு எண்ணெய் போட்டு, வெயிலில் காயவைத்து, எலி கடிக்காமல் உத்தரத்தில் தொங்கவிட்டு, அக்கா அதைப் பார்த்துக்கொண்ட மாதிரி எங்களைப் பெற்றவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாங்கள் இன்னும் நன்றாக வளர்ந்திருப்போம்.

ஆனால் எல்லாக் கிணற்றுக்கும் அந்தக் கயிறு போகாது. பொருள் விழுந்த கிணற்றுக்கு மட்டும்தான் மாமா சொந்தக் கயிற்றைக் கொண்டுபோவார். ஆள் விழுந்த கிணறு என்றால் வெறும் தோளோடு போவார், அங்கே ஊரார் கயிறு கொடுக்கவேண்டும். பிணத்தைத் தூக்கிய கயிறு திரும்ப ஒரு வீட்டுக்குள் வரக்கூடாது, அதைப் பிணத்தோடு சேர்த்தே போட்டுவிடுவார்கள். மீறி வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது அடுத்த ஆளைக் கேட்கும் என்பது பேச்சு. இது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். அதனால் மாமா ஒரு ஊருக்குள் நுழைந்தால் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, தோளைத்தான் பார்ப்பார்கள். தோளில் கயிறு இருந்தால் சிரித்துப் பேசுவார்கள். இல்லாவிட்டால் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொள்வார்கள்.

ஊரார் கொடுக்கிற கயிற்றின் லட்சணத்தையும் சொல்லவேண்டும். தண்ணீர் இறைக்கிற கவலை ஏற்றத்தில் மாடு இழுக்கிற வடத்தைத்தான் கேட்பார்கள். கொடுத்தால் திரும்பாது என்று தெரிந்தவன் நல்ல வடத்தைக் கொடுப்பானா? எது இற்றுப் போய் மாட்டுக்கே ஆகாதோ அதைக் கொண்டுவந்து, ராசா மாதிரிக் கொடுத்துவிட்டு, அதற்கும் ராகி வாங்கிக்கொள்வான். கம்பைநல்லூரில் அப்படி ஒருவன் மேலே விளக்கெண்ணெய் தடவிப் பளபளவென்று ஒரு வடத்தைக் கொடுத்தான். உள்ளே எல்லாம் மக்கல். பாதியில் அறுந்து, தூக்கிய பிணம் திரும்ப மாமா மேலேயே விழுந்தது. அது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அடிவரைக்கும் கூட வந்ததாம். அதிலிருந்து இரவல் கயிறு என்றாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும். கொண்டுபோவதா, போன இடத்தில் வாங்கிக்கொள்வதா என்று ஒவ்வொரு தடவையும் அவருக்கும் அக்காவுக்கும் வழக்கு நடக்கும். எப்போதும் அக்காதான் ஜெயிப்பாள், கயிறு உத்தரத்திலேயே இருக்கும்.

ஒரு சித்திரை மாதம் காலையில் பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்கொட்டாயிலிருந்து ஒரு பொம்பளை நடந்தே வந்தாள். பெயர் காசியம்மாள். புருஷன் இல்லாதவள். அவளுடைய ஒரே மகள் செல்லி கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போனவள் திரும்பவில்லை, ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதெல்லாம் எங்களுக்கு முன்னமே தெரியும். காசியம்மாளின் மைத்துனன், கிணற்றுக்குச் சொந்தக்காரன் பச்சியப்பன், முந்தின நாளே ஆள் விட்டிருந்தான். பிணம் எடுக்க வரவேண்டும், கயிறு வேண்டாம், பக்கத்துக் காட்டுக் கிருஷ்ணப்பனிடம் வடத்துக்குச் சொல்லியாயிற்று என்று.

காசியம்மாள் மாட்டுத் தொட்டி ஓரமாக உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை.

"கொடம் உழுந்துடுச்சுங்கண்ணா. பித்தளைக் கொடம். அதை எடுத்துக் குடுக்கணும்," என்றாள்.

மாமா அவள் பக்கத்தில் வந்து குந்தினார்.

"எம் பொண்ணு ஓசூருக்கு ரயிலேறிப் போயிட்டாங்க. மொரப்பூர்ல பாத்தவங்க இருக்காங்க. எவனோடவோ போயிட்டா, போவட்டும். கொடத்தக் கெணத்துல போட்டுட்டுப் போயிருக்கா கழுத. கெணத்துல உழுந்திருந்தா இந்நேரம் மெதந்திருக்க மாட்டாளா, நீங்களே சொல்லுங்க."

"அந்தக் கெணத்துல பக்கவாட்டுல பொந்து இருக்குதுன்னு சொல்றாங்களே அம்மா," என்றார் மாமா மெதுவாக.

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. வாசல் வழியாக உத்தரத்தில் தொங்கிய கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க கயித்த எடுத்துக்கிட்டு வாங்கண்ணா. அந்தக் கிருஷ்ணப்பன் வடம் வேணாம். நீங்க வெறுந்தோளோட வந்தீங்கன்னா ஊரே எம் பொண்ண எரிச்ச மாதிரி பேசும். தெனமும் அவளுக்குக் களி கிண்டி மூடி வெச்சிருக்கேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பெற்ற மகள் ஓடிப்போய்விட்டாள் என்று ஊரறியச் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிற ஒரு தாயை நான் அன்றுதான் பார்த்தேன். அக்கா மாமாவை உள்ளே கூப்பிட்டாள்.

"அந்தப் பொண்ணு அங்கதான் இருக்கா, உங்களுக்குத் தெரியும். கயிறு போவட்டும், வேற திரிச்சுக்கலாம். ஆனா அது நம்ம வூட்டுக் கயிறு. நம்ம கை பட்டது. அதுல வேணாங்க."

"இருந்தா கிருஷ்ணப்பன் வடத்துல தூக்கிக்கலாம். கொடத்துக்கு நம்ம கயிறு," என்றார் மாமா.

"தண்ணிக்குள்ள போனதுக்கு அப்புறம் அதெல்லாம் நம்ம இஷ்டமா?"

"அந்தம்மா கண்ணு முன்னாடி வெறுந்தோளோட போய் நிக்க என்னால முடியாது கோவிந்தம்மா. கொஞ்ச தூரமாச்சும் அவ நெனப்புல அந்தப் பொண்ணு ரயில்ல போவட்டும்."

அன்றைக்கு மட்டும் அக்கா தோற்றாள்.

நாங்கள் போய்ச் சேரும்போது உச்சி வெயில். அடிவரைக்கும் வெளிச்சம் இறங்குகிற அந்த நேரத்தில்தான் மாமா முங்குவார். காசியம்மாள் வண்டிக்கு முன்னால் நடந்தாள். மாமாவின் தோளில் கயிற்றைப் பார்த்ததும் ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவி, "அப்ப பொண்ணு அதுல இல்லியா?" என்றாள். "பாருங்க, கயிறு கொண்டாந்திருக்காரு," என்று காசியம்மாள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். எட்டு நாளாகச் சோறு இறங்காத முகத்தில் அப்படி ஒரு களை வந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கிணற்றடியில் ஒரு சத்தம் கிடையாது. வழக்கமாகக் கிணற்றுப் பொந்துகளில் புறாக்கள் குமுறிக்கொண்டிருக்கும், இதில் ஒன்றுகூட இல்லை. கவலை மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஒரு வாரமாக அவை ஏற்றச் சரிவில் கிணற்றுப் பக்கமாகப் பின்னால் நடந்து வர மாட்டேன் என்கின்றனவாம். அடித்தும் பார்த்தாயிற்று என்றான் பச்சியப்பன். கிருஷ்ணப்பனின் வடம் சுருட்டி ஓரமாகக் கிடந்தது. தண்ணீர் கறுப்பாக, ஒரு சலனமும் இல்லாமல் இருந்தது. காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, மரமெல்லாம் ஆடியது, தண்ணீர் மட்டும் ஆடவில்லை.

மாமா கல்லை அணைத்துக்கொண்டு குதித்தார். கயிறு சரசரவென்று போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் வெடுக், வெடுக் என்று இரண்டு வெட்டு. அக்கா இழுத்தாள், நான் பின்னால் வாங்கினேன். குடம் வந்தது.

எட்டு நாள் சேற்றில் கிடந்த பித்தளை எப்படி இருக்கவேண்டும்? கறுத்துப் போய்ப் பாசி பிடித்திருக்கவேண்டும். இது புளி போட்டுத் துலக்கிய மாதிரி பளபளத்தது. ஒரு பொட்டுச் சேறு இல்லை. காசியம்மாளோ அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "செல்லி வெளக்குன மாதிரியே இருக்குது பாருங்க," என்றாள் சந்தோஷமாக. "போதுங்கண்ணா, மேல வந்துடுங்க. கொடம் கெடச்சிடுச்சு."

மாமாவும் படியேறி வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. அடியில் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கிறது, ஆள் படுத்து எழுந்த பாய் மாதிரி என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

பச்சியப்பன் விடவில்லை. "பொந்துல கைய வுட்டுப் பாத்துட்டு வந்துடுங்க. நாளைக்கு அந்தத் தண்ணிய நாங்கதான குடிக்கணும்," என்றான். நியாயமான பேச்சுதான். கூடியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். காசியம்மாள் யார் முகத்தையும் பார்க்காமல் குடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமா கிருஷ்ணப்பனின் வடத்தைக் கையில் எடுத்தார். முறுக்கைப் பிரித்துப் பார்த்தார். நார் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவர் சொந்தக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, வேறொரு கல்லைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் குதித்தார்.

இந்தத் தடவை கயிறு நேராகப் போகவில்லை, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. பிறகு நின்றது.

வெடுக். வெடுக்.

அக்கா இழுத்தாள். பாரம் இருந்தது. குடத்துப் பாரம் இல்லை. நானும் காலை ஊன்றி இழுத்தேன். கிடைத்துவிட்டது, கட்டிவிட்டார் என்று இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, காசியம்மாள் பக்கத்திலேயே நின்றாள்.

அப்போது எதிர்ப்பக்கம் படி ஓரமாகத் தண்ணீர் பிளந்து மாமாவின் தலை வெளியே வந்தது. இருமிக்கொண்டு படியைப் பிடித்து ஏறினார். நாங்கள் இழுப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னத்த இழுக்கறீங்க?" என்றார்.

"நீங்கதான சுண்டுனீங்க," என்றாள் அக்கா.

"நான் பொந்துக்கிட்டப் போவவே இல்ல. பாதியிலயே கயிறு கைய வுட்டுப் போயிடுச்சு. தேடிப் பாத்தேன், கெடைக்கல, மூச்சு முட்டுச்சு, வந்துட்டேன்." வெறும் கையை விரித்துக் காட்டினார். "நான் எதையும் கட்டல கோவிந்தம்மா."

கயிறு பாறையில் மாட்டியிருக்கும் என்று இப்போது சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நானும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன். மாட்டிய கயிறு இழுத்தால் வராது. இது இழுக்க இழுக்க வந்தது. நாங்கள் நிறுத்தினால் அதுவும் நின்றது. நின்ற இடத்தில், எங்கள் நாலு கையும் அறிய, இன்னொரு தடவை இரண்டு வெட்டு வெட்டியது. என்ன, இழுக்காமல் நிற்கிறீர்கள் என்று கேட்கிற மாதிரி.

கூட்டம் கலைந்து ஓடியது. பச்சியப்பன்தான் முதலில் ஓடினான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"வுட்டுடு," என்று மாமா படியிலிருந்து கையை ஆட்டினார். "கயிறு போவட்டும். வுட்டுட்டு வந்துடுங்க."

விட்டிருந்தால் எல்லாம் சுலபம். கயிறு அடியில் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தத் தாய் குடத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பாள், செல்லியும் காலமெல்லாம் ஓசூரில் எவனோடவோ குடித்தனம் நடத்தியிருப்பாள். அக்காவும் அதைத்தான் நினைத்தாள் என்று நினைக்கிறேன். அவள் பிடி தளர்ந்தது, கயிறு என் உள்ளங்கையில் வழுக்கத் தொடங்கியது.

காசியம்மாள் இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். வந்து எங்களுக்கு முன்னால், கிணற்று விளிம்பில் நின்று கயிற்றைப் பிடித்தாள். பிடித்ததும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பாரத்தைக் கையிலேயே வைத்து நிறுத்துப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் முகத்தில் இருந்த களை இறங்கிப் போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அழவில்லை.

"வுட்டுடாதீங்கக்கா," என்றாள். "மெதுவா இழுங்க. பாறையில இடிச்சிக்கப் போறா."