அனுமதிக்கப்பட்ட பிழை

என் அக்காவின் கணவருக்குச் சந்தையில் ‘அரை கிராம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவர் தெருமுனை திரும்பும்போதே அந்தப் பெயர் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குத் தாவித் தாவி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். எடையளவை ஆய்வாளர். ஒருமுறை நகைக்கடைத் தராசு ஒன்றில் அரை கிராம் பிசகு கண்டுபிடித்து, கடை முதலாளி மேலிடத்துக்கு மேல் மேலிடமாகத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டவர். வெளியில் அந்தப் பெயரைப் பட்டம்போல வைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் சொன்னால் மட்டும் கோபம் வரும். அதனால் அக்கா வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் சொல்வதில்லை.

மாமாவிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே வெல்வெட் குழிகளில் பித்தளை எடைக்கற்கள், பெரியதிலிருந்து சிறியது வரை, குடும்பப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல. அவற்றைக் கையால் தொடமாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். விரல் வியர்வைக்கும் எடை உண்டாம். கல்யாணமான புதிதில் அக்கா நல்ல எண்ணத்தோடு அந்தக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் பளபளவென்று துடைத்து வைத்தாள். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. பெட்டியைத் தலைமை அலுவலகத்துக்குத் தூக்கிப் போய் மறுபடி சரிபார்த்து வாங்கி வந்த பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

இப்படிப்பட்ட மனிதர் கடைக்குப் போய் ஒரு பொருள் வாங்குவது எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்குகிறேன், எனக்கு அதில் ஒரு சுகம் இருக்கிறது. மின்விசிறி வாங்க அவர் எடுத்துக்கொண்ட அவகாசத்தில் கோடை வந்து, அவர்களோடு தங்கியிருக்கும் என்னையும் சேர்த்து வேகவைத்துவிட்டு, போயும் போனது. செருப்பு வாங்கப் போய், இடது காலுக்கு ஒரு ஜோடியும் வலது காலுக்கு வேறொரு ஜோடியும் பிடித்துப்போய், வெறுங்கையோடு திரும்பினார். கல்யாணப் பேச்சின்போது, “எனக்குச் சம்மதம். நீங்க யோசிச்சு முடிச்சதும் சொல்லி அனுப்புங்க, நான் வேற வேலை பாத்துட்டு இருக்கேன்” என்று அக்காதான் அவருக்குத் தகவல் அனுப்பினாளாம். முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. எதிர்ப்பக்கம் யாரை வைத்து ஒப்பிட்டார் என்று அக்கா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கையில்தான் போன மாதம் அக்காவின் கம்ப்யூட்டர் போய் மாட்டியது.

அக்கா வீட்டு வரைபடம் போடுகிறவள். ஒன்பது வருடம் ஒரு வரைபட அலுவலகத்தில் உட்கார்ந்து, கழிவறைக் கதவு உள்பக்கம் திறக்க வேண்டுமா வெளிப்பக்கமா என்று யார் யாருடைய வீட்டுக்கோ முடிவு செய்துகொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு வீட்டிலேயே தனியாகத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. ஒரு கட்டட முதலாளி அவளைக் கூப்பிட்டு, பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றை வாசலிலிருந்து மொட்டைமாடி வரை ஆள் நடந்து பார்ப்பதுபோல ஒரு நிமிடப் படமாகச் செய்து இருபதாம் தேதிக்குள் தரச் சொன்னார். பிடித்துவிட்டால் வருடம் முழுக்க அவருடைய வேலை இவளுக்கு. பிடிக்காவிட்டால், அல்லது தேதி தவறினால், பழையபடி கழிவறைக் கதவு.

பழைய கம்ப்யூட்டர் அந்தக் கட்டடத்தில் மூன்றாவது மாடி வரை ஏறி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. புதிது கட்ட வேண்டும். அக்கா மற்ற சாமான்களை ஒரே மாலையில் முடிவு செய்து பட்டியல் எழுதினாள். பிராசஸர் என்ற இடத்தில் மட்டும் இரண்டு பெயர்கள். விலை கிட்டத்தட்ட ஒன்று. ஒன்றில் எட்டு கோர், ஒவ்வொன்றும் வேகமானது. மற்றதில் பன்னிரண்டு கோர், ஒவ்வொன்றும் கொஞ்சம் நிதானம். எட்டு பேர் ஓடிச் செய்வதா, பன்னிரண்டு பேர் நடந்து செய்வதா என்பதுதான் விஷயம். எதை எடுக்கிறோமோ அதற்கேற்ப மதர்போர்டும் மாறும், அதனால் இது தெரியாமல் வேறு எதையும் வாங்க முடியாது.

“அதை நான் பாத்துக்கறேன்,” என்றார் மாமா. அன்று தேதி மூன்று.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய கோட்டுத்தாள் விரிந்தது. இடப்பக்கம் ஒரு பிராசஸர், வலப்பக்கம் ஒரு பிராசஸர், நடுவில் மாமா. முதல் நாள் பதினொரு வரிசை இருந்தது. ஆறாம் தேதி இருபத்தெட்டு. ஒன்பதாம் தேதி நாற்பத்து மூன்று. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். ஊர் உலகத்தில் யார் யாரோ இந்த இரண்டையும் சோதித்துப் போட்ட காணொளிகளைப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டார். தொப்பி போட்ட ஒருவன் எட்டுதான் சிறந்தது என்றான். கரகரத்த குரல்காரன் ஒருவன் பன்னிரண்டு என்றான். மாமா தொப்பிக்காரனை நம்பிக் காலையில் எழுந்தார், கரகரப்பை நம்பி மாலையில் வீடு திரும்பினார். தொப்பிக்காரன் சோதித்தது துப்பாக்கிச் சண்டை விளையாட்டில். எங்கள் வீட்டில் யாருக்கும் யாரையும் சுட வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை, ஆனால் நிலைமை அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு நடுவே கம்ப்யூட்டர் கடைக்கும் இரண்டு முறை போனோம். கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பவர். முதல் முறை மாமா கேட்ட முப்பது கேள்விக்கும் பதில் சொன்னார். இரண்டாம் முறை எங்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“சார், நீங்க முடிவு பண்றதுக்குள்ள இது ரெண்டுமே பழசாயிடும். அப்ப வேற ரெண்டு காட்டறேன்,” என்றார்.

மாமா அதையும் யோசிக்க வேண்டிய ஒரு வழியாகவே எடுத்துக்கொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

பதிமூன்றாம் தேதி காலை, நாற்பத்து நான்காவது வரிசைக்கு அவர் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா வந்து தாளின் மேல் தேநீர்க் குவளையை வைத்தாள். தாளின் மேல் என்றால், சரியாகப் பன்னிரண்டு கோரின் மேல்.

“ஏங்க, சந்தைக்குப் போறீங்கல்ல, கடைக்காரரோட கல்லை வச்சா அவர் தராசைச் சரிபாப்பீங்க?”

“அது எப்படி? அவன் கல்லு எப்படி இருக்குமோ.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“என் பெட்டியைத் தூக்கிட்டுப் போவேன்.”

“பக்கத்துக் கடைக்காரர் வந்து, என் கல்லு சுத்தம் சார்னு சத்தியம் பண்ணினா?”

“அவன் கடைக்கும் சேத்து நோட்டீஸ் அடிப்பேன்.” இதைச் சொல்லும்போது அவருக்கே ஒரு பெருமிதம்.

“பத்து நாளா ஊரான் வீட்டுக் கல்லை வச்சுத்தானே நிறுத்துட்டு இருக்கீங்க, அரை கிராம்.”

அந்த வாரத்தில் அது முதல் தடவைதான். ஆனாலும் மாமா கோபப்படவில்லை. குவளையை எடுத்து, அடியில் விழுந்திருந்த ஈர வட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கையில் மரப்பெட்டி. அக்கா அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, தன் பதினான்கு மாடியும் இருந்த பென் டிரைவை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

கடையில் இரண்டு பிராசஸரிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் காட்சிக்காக ஓடிக்கொண்டிருந்தது. மதர்போர்டு தவிர மற்ற சாமான் எல்லாம் இரண்டிலும் ஒன்றே. அக்கா கடைக்காரம்மாவிடம் கேட்டு, தன் மென்பொருளின் சோதனைப் பதிப்பை இரண்டிலும் ஏற்றினாள். ஏற்பாடு இதுதான்: கட்டடத்தைத் திறப்பது, எல்லா மாடியிலும் ஜன்னலை ஒருமுறை மாற்றுவது, பிறகு வாசல் காட்சி ஒன்றை முழுப் படமாக வெளியே எடுப்பது. மொத்தம் எவ்வளவு நேரம்.

பத்து நாளாகத் தொலைந்துபோயிருந்த மனிதர் அங்கே திரும்பி வந்தார். சட்டைக் கையை மடித்தார். குளிர்சாதனக் காற்று ஒரு இயந்திரத்தின் மேல் மட்டும் படுகிறது என்று கண்டுபிடித்து இரண்டையும் நகர்த்தி வைக்கச் சொன்னார். தராசில் கல்லை நடுவில் மட்டும் வைத்துப் பார்க்கக் கூடாது, நான்கு மூலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும், அதனால் ஒரு தடவை போதாது என்றார். நான்கு தடவை ஓட்டினார். மேசைகளை மாற்றி ஓட்டினார். அக்காவின் கை பழகிப்போய் வேகம் கூடிவிடும் என்று சந்தேகப்பட்டு, ஜன்னல் மாற்றும் வேலையை ஒருமுறை இதிலும் ஒருமுறை அதிலும் முதலில் தொடங்க வைத்தார். வாங்க வந்த இரண்டு பேர் இவரைக் கடையின் மேலாளர் என்று நினைத்து விலை கேட்டார்கள். கடைக்காரம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மதியம் தாண்டி முடிந்தது. எட்டு கோர், கட்டடத்தைத் திறப்பதிலும் ஜன்னல் மாற்றுவதிலும் முந்திக்கொண்டு ஓடியது. பன்னிரண்டு கோர், படம் எடுப்பதில் அவ்வளவையும் எட்டிப் பிடித்தது. கூட்டிச் சராசரி பார்த்தால் ஒன்றுக்குப் பத்தொன்பது நிமிடம் பன்னிரண்டு நொடி. மற்றதற்குப் பத்தொன்பது நிமிடம் இருபது நொடி.

எட்டு நொடி. மாமா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் நாற்பத்து ஐந்தாவது வரிசை உருவாவதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்துவிட்டாள்.

“இந்த எட்டு நொடி ஒரு தராசுல வந்தா என்ன பண்ணுவீங்க?”

மாமா தொண்டையைச் செருமினார். “எல்லாத் தராசுக்கும் அனுமதிக்கப்பட்ட பிழைன்னு ஒண்ணு உண்டு. அதுக்குள்ள இருந்தா தப்பு கிடையாது. ரெண்டும் சரி.”

“ரெண்டும் சரின்னா?”

“முத்திரை போட்டுட்டு அடுத்த கடைக்குப் போய்டுவோம்.”

“அப்ப போடுங்க.”

“எதுக்குப் போடறது?” என்றார் மாமா. ஒரு அரசு அலுவலர் அவ்வளவு பரிதாபமாகக் கேட்டு நான் கேட்டதில்லை.

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, பக்கத்தில் இருந்த இயந்திரத்தின் தலையில் தட்டினாள். “இது. என் கைக்கு எட்டுது.” அவ்வளவுதான். அது எட்டா பன்னிரண்டா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரம்மா அதற்குள் அந்தப் பிராசஸரின் பெட்டியை எடுத்து மேசையில் வைத்து, மாமா மனம் மாறுவதற்குள் மேலே தன் கையையும் வைத்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் தேதி பிற்பகல் படம் போய்ச் சேர்ந்தது. வாசலில் தொடங்கி, படிக்கட்டு ஏறி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் யாரோ ஒருவர் தடையில்லாமல் நடந்து போனார். எங்கேயும் மூச்சு வாங்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கட்டட முதலாளியிடமிருந்து பதில் வந்தது. பாராட்டு ஒரு சொல்கூட இல்லை. அடுத்த இரண்டு கட்டடங்களின் வரைபடமும், லிப்ட் கதவுக்கு என்ன நிறம் என்று அவர் இன்னும் முடிவு செய்யாததால் ஏழு நிறத்திலும் செய்து அனுப்பும்படி ஒரு வரியும் இருந்தன. அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். மாமா, “நல்ல மனுஷன்,” என்றார்.

அன்று மாலை நான் பார்க்கும்போது அவர் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் குனிந்திருந்தார். சந்தைத் தராசுகளுக்குப் போடுவதுபோல, கேபினட் மூடியின் திருகில் மெல்லிய கம்பி கோத்து, முனையில் ஒரு ஈய வில்லையை வைத்து இடுக்கியால் அழுத்திக்கொண்டிருந்தார். எழுத்து எதுவும் இல்லாத வெறும் முத்திரை. அது யார் திறக்காமல் இருக்க என்று கேட்டேன்.

“நான்தான்,” என்றார் மாமா.