சுரங்கம் இடிந்து விழும் சத்தம்

லோகஸ்ட் ரன் என்ற நிலக்கரி ஊரில் பெர்னடீன் யுர்கோனிஸிடம் திட்டு வாங்காதவர்கள் இரண்டே வகை. இன்னும் பிறக்காதவர்கள் ஒன்று, செத்துக் கல்லறைக்குப் போனவர்கள் இன்னொன்று. பழைய பாதிரியாரை மட்டும் அவள் கல்லறைக்கே போய்த் திட்டிவிட்டு வந்தாள் என்று ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுத்ததில்லை.

பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவள் பிழைப்பு. அவள் கண்ணாடியில் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் கடைசி இருக்கைவரை வாய் மூடிக்கொள்ளும். பிள்ளைகளைப் பெற்றவர்கள் புகார் செய்வார்கள். ஆனால் பனி விழத் தொடங்கியதும், கரிக்குவியல்களுக்கு நடுவே சரியும் அந்த மலைச்சாலையில் வேறு யார் கையிலும் பிள்ளைகளை ஒப்படைக்க மனம் வராது. புகார்கள் மார்ச் வரை தூங்கும்.

கோடை வந்தால் அவளுடைய சனி ஞாயிறுகள் பிளாக் ரிட்ஜ் கார்ட்ஸுக்கு. பித்தளைக் கொம்பும் டிரம்மும் கொடியும் கொண்ட அணிவகுப்புக் குழு அது. தபால்காரர், நர்ஸ், கூரை வேய்பவர் என எல்லோரும் வேலைக்குப் போகிற பெரியவர்கள். மூடிக் கிடக்கும் சட்டைத் தொழிற்சாலையின் வாகன நிறுத்தத்தில் பயிற்சி செய்து, சனிக்கிழமைப் போட்டிகளில் ஏதாவது ஓர் ஊரின் ஃபுட்பால் மைதானத்தில் நடந்துகொண்டே வாசிப்பார்கள். தூக்கிக்கொண்டு நடக்க முடியாத கனத்த சாமான்களெல்லாம் மைதானத்தின் முன் விளிம்பில் நிற்கும். அந்த இடத்துக்குக் குழி என்று பெயர். குழியின் இடது மூலை பெர்னடீனுடையது.

அவள் வாசிப்பது எந்த வாத்தியமும் அல்ல, சத்தம். குழு கப்பல் கதையை நிகழ்ச்சியாக வைத்த வருடம் நனைந்த கயிற்றை மரத்தூணில் முறுக்கிப் பாய்மரத்தை முனக வைத்தாள். காட்டுத்தீ வருடம் சிப்ஸ் பாக்கெட்டுகளைக் கசக்கியே ஒரு மலையைப் பற்ற வைத்தாள். இந்த வருடம் சுரங்க விபத்து. முதலில் தகரச் சரிவில் சரளைக்கல் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். பிறகு எண்ணெய் காணாத ஒரு கீல் கிறீச்சிடும், தாங்குமரம் வளைகிறது என்று அர்த்தம். அதன்பின் ஸ்னேர் எனப்படும், தோளில் மாட்டிக் குச்சியால் உருட்டும் சிறு டிரம்கள் மட்டும் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டே உருளும். உருட்டல் நின்று, ஒரு மூச்சு மௌனம். அப்போது அவள் பனிக்காலத்தில் பேருந்துச் சக்கரத்தில் மாட்டும் சங்கிலியைத் தலைக்கு மேலிருந்து இரும்புப் பீப்பாய்க்குள் போட்டு, அதே நொடியில் முழங்கையால் எஃகுத் தகட்டை இடிப்பாள். பீப்பாயின் வாயில் ஒரு மைக். ஒட்டுமொத்தச் சுரங்கமும் இடிந்து விழும், கொம்புகள் அதோடு அலறும்.

அன்றைய பயிற்சியிலும் விழுந்தது உண்மைதான். ஆனால் முந்திக்கொண்டு விழுந்தது.

"மறுபடி முந்திட்டா!" என்று வாகன நிறுத்தத்தின் பின்கோட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் இன்னும் உருட்டிக்கிட்டே இருக்கேன், இவ அதுக்குள்ள ஊரையே பொதைச்சுட்டா!"

குரலுக்குச் சொந்தக்காரன் ஜெரோம் ஹ்ரிட்ஸ்கோ. ஸ்னேர் வரிசையின் நடுவில் நிற்பவன். அவன் கைதான் மற்ற எல்லாக் கைகளுக்கும் வழிகாட்டி. பெர்னடீனின் முன்னாள் கணவனும் அவனே.

"நான் முந்தல. நீ இழுக்கிற" என்றாள் பெர்னடீன், திரும்பிப் பார்க்காமல். "கல்யாண நாள்லகூட சர்ச்சுக்கு நேரத்துக்கு வராதவன் நீ."

"வராமயே இருந்திருக்கணும்."

"இப்பவாச்சும் புரிஞ்சுதே!"

கொம்பு வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. குழுவை நடத்தும் மார்செல்லா டோலன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கீபோர்டுக்காரி டோட்டியின் பக்கம் போய் நின்றாள். டோட்டியின் கீபோர்டில் பதிவு செய்த வெடிச்சத்தம் ஒன்று தயாராக இருந்தது. ஒரு விரல் போதும்.

"பெர்னி, சொல்றதைக் கேளு. சனிக்கிழமைப் போட்டியிலயும் முந்திச்சுன்னா பீப்பாயை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு. அந்த எடத்துல டோட்டி கட்டையை அமுக்கிடுவா."

"அந்த டப்பாச் சத்தத்தையா? மைக்ரோவேவ்ல பாப்கார்ன் வெடிக்கிற மாதிரி இருக்கு."

"பாப்கார்னா இருந்தாலும் நேரத்துக்கு வெடிக்கும்" என்றான் ஜெரோம்.

ஜெரோமும் பெர்னடீனும் பிரிந்ததற்கும் டிரம்தான் காரணம். முட்டைக்கோஸ் இலையில் கறி பொதிந்த ஹலுப்கியைத் தட்டில் வைத்தால் அவன் சாப்பிட மாட்டான். கத்தியையும் முட்கரண்டியையும் எடுத்து மேஜை விளிம்பில் தட்டத் தொடங்குவான். டிவி பார்க்கும்போது முழங்காலில், படுத்தால் கட்டிலின் தலைப்பலகையில், காரில் ஸ்டீயரிங்கில். ஒரு நாள் முட்கரண்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தாள். அதன் பின்னாலேயே அவன் துணிப்பெட்டியும் போனது. விவாகரத்தில் வீடு அவளுக்கு, மீன்பிடிப் படகு அவனுக்கு என்று தீர்ந்தது. குழுவை மட்டும் எந்த நீதிபதியாலும் பங்கு போட முடியவில்லை. விட்டுப் போகிறவர் தோற்றவர் என்று இருவருமே முடிவு செய்து, விடாமல் வந்துகொண்டிருந்தார்கள்.

குழியில் நிற்கும் எவருக்கும் முதல் நாளே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. மேடையில் நின்று தாளம் காட்டுபவரின் கையைப் பார்க்காதே, முதுகுக்குப் பின்னால் வரும் டிரம்மைக் கேள். பின்கோட்டின் சத்தம் மைதானத்தைக் கடந்து வரச் சற்று நேரமாகும். முன்னால் நிற்பவர் கையைப் பார்த்து அடித்தால், பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்சத்தம் முந்தியும் பின்சத்தம் பிந்தியும் போய்ச் சேரும். கொம்புக்காரர்களுக்கும் அதுவே பாடம். டிரம்தான் கடிகாரம். பெர்னடீன் இதை எத்தனையோ புதியவர்களுக்குத் திட்டித் திட்டிச் சொல்லித் தந்திருக்கிறாள்.

வியாழன் மாலை பள்ளி மைதானத்தில் பயிற்சி வைத்து, மார்செல்லா அவளைப் பார்வையாளர் படிக்கட்டின் உச்சிக்கு அனுப்பினாள். "நீ மேல போய் உக்காரு. டோட்டி சங்கிலியைப் போடட்டும். உன் காதாலயே கேட்டுட்டு வா."

முதல் தடவை டோட்டி மேடைக் கையைப் பார்த்துப் போட்டாள். சங்கிலி விழுந்து முடிந்த பிறகும் ஜெரோமின் உருட்டல் வால் போல நீண்டு கேட்டது. இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு, டிரம்மைக் கேட்டுப் போட்டாள். உருட்டல் நின்றது, மௌனம், சுரங்கம் விழுந்தது. எதுவும் எதையும் மிதிக்கவில்லை.

பெர்னடீன் உச்சிப் படியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். இந்த வருடம் முழுக்கத் தான் எங்கே பார்த்துக்கொண்டு நின்றோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முந்தைய வருடங்களில் ஒரு பெரிய டிரம் கூட்டத்தைக் கேட்பாள், அதில் ஜெரோம் கரைந்துபோவான். இந்த வருடம் அந்த இடத்தில் ஸ்னேர்கள் மட்டுமே உருண்டதால், அவற்றை நடத்தும் அவன் கை தனித்துக் கேட்டது. அந்தக் கைக்காகக் காத்து நிற்பதற்கு அவள் காது ஒப்பவில்லை, கண் மேடைக்கு ஓடிவிட்டது.

கீழே இறங்கி வந்தாள்.

"என்ன?" என்றாள் மார்செல்லா.

"டோட்டிக்குக் கையில வலுவில்ல. சங்கிலியைப் பூனைக்குட்டியை எறக்கி விடுற மாதிரி விடுறா."

"நேரம் எப்படி இருந்துச்சு?"

"சனிக்கிழமை பாப்போம்" என்று பீப்பாயை உருட்டிக்கொண்டு போய்விட்டாள். பின்னால் ஜெரோம் டிரம் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினான். அது சிரிப்பு என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மைதானத்தில் காற்று இல்லை. படிக்கட்டு நிறைந்திருந்தது. வெங்காயமும் சாசேஜும் வதங்கும் புகை முன்வரிசைவரை வந்தது. சரளை உதிர்ந்தது. கீல் கிறீச்சிட்டது. ஸ்னேர்கள் உருளத் தொடங்கின.

பெர்னடீன் சங்கிலியைத் தலைக்கு மேல் தூக்கினாள். மேடைக்குப் பக்கவாட்டாகத் திரும்பிக் காதைப் பின்கோட்டுக்குக் கொடுத்தாள். வேண்டாத விருந்தாளிக்குக் கதவைத் திறந்து விடுவது போலத்தான் அதைச் செய்தாள். பத்துப் பேர் உருட்டலில் அவன் கை தனியாகத் தெரிந்தது. இடது கை கொஞ்சம் அழுத்தும், வலது கை அதற்கு மன்னிப்புக் கேட்பது போலத் தொடும். மேஜை விளிம்பில் கேட்ட அதே எரிச்சல்.

ஓரக்கண்ணில் மேடைக் கை கீழே இறங்குவது தெரிந்தது. உருட்டல் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

நாய்ப்பயல், வேண்டுமென்றே இழுக்கிறான் என்று அவளுக்கு உடனே புரிந்தது. அவள் வழக்கம்போல மேடைக் கையைப் பார்த்துப் போடுவாள், சங்கிலி அவன் உருட்டலுக்கு நட்டநடுவில் நாற்காலி சரிந்த மாதிரி விழும், இந்த மைதானமே கேட்கும், நாளைக்குப் பீப்பாய் அவள் வீட்டுக் கொல்லையில் கிடக்கும். அதுதான் அவன் கணக்கு.

சங்கிலி கனத்தது. அவள் போடவில்லை. பின்னால் கொம்புக்காரர்களும் கொம்பை வாயருகே வைத்தபடி காத்துநின்றார்கள், டிரம் நிற்காமல் மூச்சை விடக் கூடாது என்று பழகியவர்கள். மேடையில் இறங்கிய கை அந்தரத்தில் திகைத்து நின்றது. உருட்டல் நூல்போல மெலிந்து, இதற்கு மேல் மெலிய முடியாது என்ற இடத்தில் அறுந்தது.

மௌனம்.

சங்கிலியும் தகடும் கொம்புகளும் ஒன்றாக விழுந்தன. படிக்கட்டில் ஒரு பெண் வீறிட்டாள். அதற்கப்புறம் கைதட்டல்.

முடிந்ததும் லாரிக்குப் பக்கத்தில் மார்செல்லா ஓடி வந்தாள். நடுவர் பார்த்துக்கொண்டே பேசிப் பதிவு செய்யும் கருத்தை அவள் அதற்குள் கேட்டிருந்தாள். "அந்த எடத்துல மனுஷன் பேச்சையே நிறுத்திட்டான்! மூச்சு விடுறது மட்டும்தான் கேக்குது! அந்த இழுப்பு யாரோட யோசனை?"

ஜெரோம் டிரம்மின் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"அவனோடதுதான்" என்றாள் பெர்னடீன். "எதுக்காக இழுத்தான்னு அவனையே கேளேன். நானும் தெரிஞ்சுக்கணும்."

தாளம் காட்டியவர் வெளிறிய முகத்தோடு வந்து நின்றார். கொம்புக்காரர்களும் வந்து நின்றார்கள். எல்லாரும் ஜெரோமைப் பார்த்தார்கள்.

"சும்மா... தோணுச்சு" என்றான்.

"அப்ப இனிமே ஒவ்வொரு வாரமும் தோணட்டும்! பெர்னி, பீப்பாய் உன் எடத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மார்செல்லா அடுத்த ஆளைக் கட்டிப்பிடிக்கப் போனாள்.

கூட்டம் கலைந்ததும் ஜெரோம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "நீ கையைப் பாக்கல."

"உன் மூஞ்சியையும் பாக்கல. அதான் சரியா விழுந்துச்சு."

"அடுத்த வாரம் இன்னும் இழுப்பேன்."

"இழுடா. உன் மணிக்கட்டு கழண்டு விழுற வரைக்கும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

அப்படியே நடந்தது. அந்தப் பருவம் முழுக்க அவன் ஒரு வாரம் நீட்டினான், ஒரு வாரம் சட்டென்று வெட்டினான், ஒரு வாரம் நிறுத்துவது போல மெலிந்து மறுபடி வீங்கினான். அவளை உதறிவிட என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் செய்து பார்த்தான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு வாரமும் சங்கிலி அவன் நிறுத்திய இடத்திலேயே விழுந்தது. மார்செல்லாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேடைக்காரர் அந்த இடம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினார்.

கடைசிப் போட்டி முடிந்த பிறகு, பார்வையாளர் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். "நீங்களும் அந்த ஸ்னேர்காரரும் எத்தனை வருஷமாச் சேர்ந்து வாசிக்கிறீங்க? திரும்பிக்கூடப் பாக்காம, என்னா ஒத்துமை!"

பெர்னடீன் சங்கிலியைச் சுற்றிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒத்துமையா? அவன் எப்ப சறுக்குவான்னு காத்துக்கிட்டு நிக்கிறேன். அதுக்குக் காதுதான் வேணும். நீ வேலியை விட்டுட்டுத் தள்ளி நில்லு, பீப்பாய் வெளிய போகணும்."