பத்தாவது சிவப்புச் சீட்டு

உலகப் போர் நடந்த காலத்தில் ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். நான் சரிசெய்த பெட்டிகளை மேஸ்திரி சோதிப்பார். இரைந்தால் சிவப்புச் சீட்டு கட்டுவார். ஒரு வாரத்தில் பத்துச் சீட்டு சேர்ந்தால் வேலை போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் ஒன்பது சீட்டு. சூடான கல்லில் தண்ணீர் தெளித்தது போல எல்லாப் பெட்டியும் சீறியது.

“இன்னா நைனா, ஒன்பதுக்கும் ஒரே வியாதியா?” என்றார் மேஸ்திரி, பத்தாவது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

“ஒரு நிமிஷம் மேஸ்திரி. ஏரியல் கம்பியைப் பிடுங்கிப் பார்க்கிறேன்.”

பிடுங்கினேன். பத்தாவது பெட்டி அமைதியானது.

“அப்போ கம்பி கெட்டுப்பூட்ச்சி.” கம்பியை இறக்கிப் புதிதாகக் கட்டினோம். மறுபடி சீறியது. மேஸ்திரி சீட்டைச் சட்டைப்பையில் சொருகினார். “பொழுது சாயற வரைக்கும் டைம் தரேன்.”

சீற்றம் விட்டுவிட்டு வந்தது. உட்கார்ந்து எண்ணினேன். மதியத்திலிருந்து இருபத்தேழு முறை. குறைந்தது மூன்று விநாடி, அதிகபட்சம் நாற்பது. ஒன்றைப்போல ஒன்று இல்லை. எழுதிய பென்சில் இரண்டு முறை ஒடிந்தது.

நூம்பலிலிருந்து சைக்கிளில் வரும் கூட்டாளி, கிரகணம் பார்க்கப் புகையேற்றி வைத்திருந்த கண்ணாடித் துண்டோடு வந்தான். மேற்கே இறங்கும் சூரியனைப் பார்த்தான்.

“மாமே, மூஞ்சியில மச்சம் வெச்சிகினு கீதுபா.”

வாங்கிப் பார்த்தேன். நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. சூரியன் பனைமரங்களுக்குப் பின்னால் மறையவும் பெட்டியின் சீற்றம் நிற்கவும் சரியாக இருந்தது.

“மேஸ்திரி, பெட்டி இரையலை. சூரியன்தான் இரையுது.”

அவர் பத்தாவது பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். சுத்தமாக இருந்தது. “சூரியனுக்கு எங்கே சீட்டு கட்றது?” என்று முணுமுணுத்துவிட்டு, ஒன்பது பெட்டியையும் மறுபடி கேட்டார். ஒவ்வொரு சீட்டாகக் கழற்றினார். எட்டாவதோடு நிறுத்திக்கொண்டார்.

“இது இன்னா?”

ஒன்பதாவது இன்னும் சீறியது. கம்பியைப் பிடுங்கினேன், அப்போதும் சீறியது. அது நான் சரியாகப் பார்க்காமல் விட்ட பெட்டி.

சூரியனின் இந்தச் சீற்றத்தைப் படித்தவர்கள் ஆராய்வதாகப் பின்னாளில் செய்தித்தாளில் வாசித்தேன். வேலை தப்பியது. ஆனால் பென்சில் சீவிய நேரத்தில் இருபத்தெட்டாவது ஒன்று வந்து போயிருக்குமோ என்ற கவலை இன்னும் இருக்கிறது.